ஐயமும் காட்சியும்: பாரதியார் பாட்டொன்றன் ஆராய்ச்சி

எட்டயபுரத்தில் 1882-ஆம் ஆண்டிற் பிறந்த சுப்பிரமணிய பாரதியார் இயற்றிய 'உலகத்தை நோக்கி வினவுதல்' என்னும் பாட்டு அளவிற் சிறிதாயினும் பொருளாற் பெரிது. வேதாந்தப் பாடல்களின் வரிசையில் வைத்து அச்சிடப்பெறுதலின், அது மாயாவாதத்தைத் தழுவியதென மயங்குதற்கு இடனுண்டு. அங்ஙனம் கொள்ளுதல் பொருந்தாது.

பாட்டின் முற்பகுதி உலகம் கனவோ, கானல்நீரோ என ஐயுறுகின்றது. கழிந்தனவெல்லாம் அழிந்தமை கண்டு, வினவுவான் தன்னையும் அவ்வையத்துள் வைக்கின்றான். பிற்பகுதியே விடை. மரங்கள் வித்தினின்று தோன்றுதல்பற்றிச் சோலை பொய்யாகுமோ என்பது ஒன்று. மறைந்தது மீளத் தோன்றும் என்பது மற்றொன்று. இவை சற்காரியவாதமேயன்றிப் பிறிதில்லை. அழிவு என்னும் ஓரேதுவைக் கொண்டு மாயாவாதி உலகம் பொய்யென்பான். மெய்கண்டாரோ அதனையே கொண்டு, உலகம் காரியமாம் என்றும், அதற்கொரு வினைமுதல் உண்டென்றும் சிவஞானபோத முதற் சூத்திரத்தில் நிறுவினார்.

பாரதியார் அத்துணை செல்லவில்லை. காணப்படுவதே சத்தி, அக்காட்சி நித்தம் என முடித்தார். காரியம் நித்தமாதல் யாங்ஙனம்? நித்தமாவது அதன் முதற்காரணமாகிய மாயையே. வித்தை உவமை கூறியவர் அதனை முளைப்பிப்பதனையும் உடன் கூறியிருத்தல் வேண்டும்.

இனி, தான் கனவோ என்ற வினாவிற்குப் பாட்டில் நேர்விடை இல்லை. குறை இதுவே பெரிது. பிரெஞ்சு ஞானியாகிய தெக்கார்த்து 1641-இல் வெளியிட்ட தியான நூலில், அனைத்தையும் ஐயுற்று, ஐயுறும் தன்னை மட்டும் ஐயுறலாகாமை தெளிந்தார். பின்னர்த் தன்னுள்ளத்து நிறைபொருளெண்ணத்தினின்று இறைவனை நிறுவினார். அவன் வஞ்சியான் என்பது கொண்டு உலகினை மீட்டார். மெய்கண்டார் நெறியில் வைப்புமுறை வேறு: உலகினின்று இறைவனை முதற்கண் நிறுவி, உயிருண்மையை மூன்றாஞ் சூத்திரத்தில் வைத்தார். ஆன்மா இலதென விலக்கும் அறிவு உண்டாகலின் அதுவே ஆன்மா என்னுமளவில் இருவரும் ஒப்பர். ஆயின் அச்சூத்திரமே ஆன்மா உணர்த்த உணர்வதென்றும் கூறும். அறிவிக்க அறியும் ஒன்றன் இருப்பு ஐயமற்றதாயினும், பிறவனைத்தையும் தாங்கும் அடிநிலை ஆகாது. தெக்கார்த்து அதன்மேலேயே மாளிகை எடுத்தார்.

காண்பானின்றிக் காட்சியில்லை, ஆதலின் காட்சியின் உறுதி கூறியபோதே காண்பானுண்மையும் அடங்கிற்றெனப் பாரதியார்க்காக ஒருவர் வாதிடலாம். வாதம் தகும். எனினும் வினவியவர் அதனை வெளிப்பட எடுத்தோதிற்றிலர்.