பகனினியின் பீரங்கி

இத்தாலியின் ஜெனோவா நகரில், துர்சி மாளிகையில், கண்ணாடிப் பேழைக்குள் ஒரு வயலின் இருக்கிறது. கிரெமோனாவின் குவார்னேரி தெல் ஜெசு 1743-இல் செய்தது. வயலின் மேதை நிக்கோலோ பகனினியின் பிரிய வாத்தியம். அதன் முழக்கத்தை மெச்சி அவர் ‘பீரங்கி’ என்றே அழைத்தார்.

உற்றுப் பார்த்தால், மேற்பலகையின் அடிப்பகுதியில் வார்னிஷ் தேய்ந்து மரம் வெளுத்திருப்பது தெரியும். பகனினி முகவாய்த் தாங்கி வைத்துக்கொண்டவர் அல்ல. தாடை நேரே மரத்தில்தான் அழுந்தியது. ஆண்டுக்கணக்கான சாதகத்தின் தடம் அது. அதன்மேல் புது வார்னிஷ் பூசி மறைக்காமல் விட்டவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

பீரங்கி பாரிஸுக்குப் பழுதுபார்க்க வந்தபோது, வியோம் என்ற கைவினைஞர் இதைப் பார்த்து அச்சு அசலாக ஒரு வயலின் செய்தார். அது பகனினியின் மாணவர் காமிலோ சிவோரியிடம் சேர்ந்தது. இன்று அதுவும் ஜெனோவாவில்தான் இருக்கிறது.

1840-இல் பகனினி நீஸ் நகரில் காலமானார். பீரங்கியை என்றென்றும் காக்கும்படி, பிறந்த ஊரான ஜெனோவாவுக்கே உயில் எழுதியிருந்தார். ஊர் அதைக் காத்தது, அதோடு நிற்கவில்லை. 1954-இல் தொடங்கிய பகனினி வயலின் போட்டியில் முதல் பரிசு பெறுபவர் இதை வாசிக்கும் பேற்றைப் பெறுகிறார்.

மேதையின் வாத்தியத்துக்கு இதைவிட நல்ல கதி வேறில்லை. ஏலத்துக்குப் போகாமல், தனியார் பெட்டகத்தில் முடங்காமல், ஊர்ச்சொத்தாக இருந்து, தகுதியுள்ள இளம் கைகளில் அது தொடர்ந்து பாடுகிறது.