நள்ளிரவை நோக்கி ஏறும் சூரியன்

ஐரோப்பாவில் பறப்பதற்கென்றே பறக்க வேண்டிய ஒரு வழித்தடம் சொல்லுங்கள் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன். ஓஸ்லோ – லாங்இயர்பியென். மற்றதெல்லாம் அப்புறம்தான்!

ஓஸ்லோவின் கார்டெர்மோன் விமான நிலையத்திலிருந்து தெற்கே சுமார் 2,000 கிலோமீட்டர் பறந்தால் ரோம் வந்துவிடும். அதே 2,000 கிலோமீட்டரை வடக்கே பறந்தால் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தின் லாங்இயர்பியென், 78 டிகிரி வட அட்சரேகை. அங்கிருந்து வட துருவம் ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர். நார்வேயின் தலைநகரைவிடத் துருவம் பக்கத்தில் இருக்கும் ஊர்! வரைபடத்தில் இதை அளந்து பார்த்த அன்றே போயே தீருவது என்று முடிவுசெய்துவிட்டேன். நேரடி விமானத்தில் மூன்று மணி நேரம்தான். ட்ரோம்சோவில் நின்று போகும் விமானங்களும் உண்டு. என் ஓட்டு நேரடி விமானத்துக்கே.

ஜூன் மாதம், மாலை விமானம், இடப்பக்க ஜன்னல். இந்த மூன்றையும் விட்டுக்கொடுக்காதீர்கள். நாங்கள் கிளம்பும்போதே சூரியன் சாய்ந்துவிட்டது. கீழே நார்வேயின் பனி படிந்த மலைகள், பிறகு லொஃபோடன் பக்கத்துக் கடல். சூரியன் இன்னும் தாழ்ந்தது. இனி அஸ்தமனம்தான் என்று காத்திருந்தால், இறங்கிக்கொண்டிருந்த சூரியன் அப்படியே நின்றது. அப்புறம் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது! மணி இரவு பத்தைத் தாண்டிவிட்டது. ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில் பூத்திருந்த பனிப்படிகங்கள் ஒவ்வொன்றும் பொன்னாய் மின்னின. கண்ணை எடுக்க மனசே வரவில்லை.

இதில் மாயம் எதுவும் இல்லை. கோடையில் அந்த நேரத்துச் சூரியன் வடமேற்கு வானில் இருக்கிறது. விமானமோ வடக்கே விரைகிறது. பூமியின் சுழற்சி அதைக் கீழே தள்ளத் தள்ள, நம் வேகம் அதை மேலே தூக்குகிறது. நள்ளிரவு நெருங்க நெருங்க அது இறங்குவது மந்தமாகிவிடும், நம் கை ஓங்கிவிடும். லாங்இயர்பியெனில் ஏப்ரல் பிற்பாதி முதல் ஆகஸ்ட் பிற்பாதி வரை சூரியன் மறைவதே இல்லை.

இவ்வளவு தூரம் போயும் கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். ஓஸ்லோவுக்கும் இங்கேயும் ஒரே நேரம்தான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் வெறும் கடல். பிறகு திடீரென்று ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் கூரான சிகரங்கள், அவற்றுக்கு நடுவே வழிந்து இறங்கும் பனியாறுகள். ஃபியோர்டின் கரையை ஒட்டி ஓடுபாதை. 1975இல் திறந்த நிலையம் இது. உறைந்தே கிடக்கும் தரைமீது போட்ட பாதை. கோடையில் மேல்மண் இளகுவதால் அதைச் சமமாக வைத்திருப்பதே பெரும்பாடு. அதன்மேல் இத்தனை பெரிய ஜெட் விமானத்தை இறக்குகிறார்களே, அந்த விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் ஒரு பெரிய கும்பிடு!

படிக்கட்டில் இறங்கி, சில்லென்ற காற்றில் நடந்து உள்ளே போனால், பெட்டிகள் வரும் பெல்ட்டின் நடுவே பாடம் செய்த ஒரு பனிக்கரடி நிற்கிறது.

நம்மூர்க்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஓஸ்லோவிலேயே பாஸ்போர்ட் சோதனை உண்டு. திரும்பி வர, இரண்டாவது முறை நுழைய அனுமதிக்கும் விசா கட்டாயம்.

நவம்பரில் இதே தடம் நேர்மாறாம்: பகலில் ஏறி, போகப் போக இருட்டுக்குள் நுழைந்து, சூரியனே எழாத ஊரில் இறங்க வேண்டும். அதற்கும் டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.