வாவிக்கரையின் எழிலும் லூசியாவின் கேள்வியும்

கோமோ வாவியின் தென்கிழக்குக் கிளை ஒடுங்கி அத்தா நதியாக உருமாறும் இடத்தில், மிலான் நகரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றர் வடக்கே, லெக்கோ நகர் அமைந்துள்ளது. அதனோடு ஒட்டிக் கிடக்கும் பெஸ்கரெனிக்கோ ஒரு பழைய மீனவர் கிராமம். நெருங்கிய கல்வீடுகள், குறுகிய ஒழுங்கைகள், கரையிற் கட்டிய படகுகள், அப்பால் மரமரியும் வாளின் பற்களென நிமிர்ந்து நிற்கும் ரெசெகோனே மலை. இக்கரையில் நின்று பார்த்த எமக்கு அதன் எழிலை மறுக்க மனம் வரவில்லை. ஆயினும், ஓர் ஊரின் அழகு எவருடைய கண்களுக்கு, எந்நிலையில் புலப்படுகிறது என்ற கேள்வியையும் விமர்சகன் ஒதுக்கிவிட முடியாது.

இவ்வூருக்கு வரும் உல்லாசப் பிரயாணிகளிற் பலரை இங்கு அழைத்து வருவது ஒரு நாவலே. அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி 1827இல் வெளியிட்டு, 1840க்கும் 1842க்கும் இடையில் புளோரன்ஸ் மக்களின் பேச்சுமொழியைத் தழுவித் திருத்தி வெளியிட்ட ‘நிச்சயிக்கப்பட்ட மணமக்கள்’ இக்கரையிலேயே தொடங்குகிறது. கதை நிகழும் காலம் 1628ஆம் ஆண்டு. லொம்பார்டி ஸ்பானியர் ஆட்சியில் இருந்த காலம். பட்டு நூற்கும் தொழிலாளி ரென்சோவும் கிராமத்துப் பெண் லூசியாவும் மணஞ்செய்ய இருந்த வேளையில், லூசியாவின் மேல் கண்வைத்த பிரபு டொன் ரொட்ரிகோ தன் அடியாட்களை ஏவிப் பங்குக் குருவை அச்சுறுத்தி அத்திருமணத்தைத் தடுத்துவிடுகிறான். நாவல் இம்மக்களிடையே பெற்ற செல்வாக்குக்கு ஒரு சான்று கூறலாம். வளைந்த மூங்கில்கள்போல மேலே வளையங்கள் பொருத்திய கோமோ வாவியின் மரபுவழி மீன்பிடிப் படகுக்கு இன்று ‘லூசியா’ என்றே பெயர் வழங்குகிறது.

நாவலின் தொடக்கத்தில் வரும் வாவி வருணனையை இத்தாலியிற் படித்தவர் அனைவரும் அறிவர். பயணிகள் அதன் முற்பாதியையே நினைவிற் கொள்கின்றனர். மன்சோனியின் ஆற்றல் வெளிப்படுவதோ பிற்பாதியில். மலையையும் நீரையும் வருணித்துவரும் அவரது பேனா சிறிது சிறிதாகக் கீழிறங்கி லெக்கோவின் கோட்டையை அடைகிறது. அங்கு தங்கியிருந்த ஸ்பானியச் சிப்பாய்கள் ஊர்ப் பெண்களுக்கு அடக்கம் போதித்தார்கள், அவர்தம் தந்தையரதும் கணவரதும் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள், முந்திரிகை அறுவடையில் விவசாயிகளின் சுமையைக் குறைத்தார்கள் என்று ஏளனம் ததும்ப எழுதுகிறார். இயற்கையின் எழிலிலிருந்து அடக்குமுறைக்கு அவர் செல்வதற்குப் பாலம் எதுவும் தேவைப்படவில்லை. இரண்டும் ஒரே நிலத்தில் இருந்தன. அவர் எழுதிய காலத்தில் அதே நிலத்தை ஆஸ்திரியர் ஆண்டனர் என்பதும் இங்கு கருதத்தக்கது.

அடுத்து, எட்டாம் அத்தியாயத்தின் புகழ்பெற்ற பகுதி. பெஸ்கரெனிக்கோவின் அருகே நள்ளிரவிற் படகேறித் தப்பிச்செல்லும் லூசியா, தான் பிறந்த மலைகளிடம் மனத்துக்குள் விடைபெறுகிறாள். தலைமுறை தலைமுறையாக இத்தாலிய மாணவர் மனனஞ் செய்துவரும் உரைநடை இது. ஊரின் அழகு முழுமையாகப் புலப்படுவது அதை இழப்பவளுக்கே என்ற உண்மை இதில் உண்டு. ஆனால் இறுதியில் ஆசிரியரே ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: லூசியாவின் எண்ணங்கள் இவ்வகையின, இதே சொற்களிலன்று. அதாவது, மொழி ஆசிரியருடையது. ஏழைப் பெண்ணுக்கு அவர் அதை இரவல் கொடுத்திருக்கிறார்.

இவ்விடத்திலேதான் அந்தோனியோ கிராம்சியின் விமர்சனம் பொருத்தமுறுகிறது. முசோலினியின் சிறையில் எழுதிய குறிப்பேடுகளில், எளியோர்பால் மன்சோனி காட்டுவது மேலிருந்து பொழியும் பரிவே என்று அவர் குற்றஞ்சாட்டினார். பிரபுக்களுக்கும் மதகுருமாருக்கும் ஆழ்ந்த அகவாழ்வு உண்டு. எளியோருக்கு அது மறுக்கப்படுகிறது. தோல்ஸ்தோயிடமோ பாமரனின் ஒரு சொல் கற்றவனின் உள்ளத்தையே புரட்டிவிடுகிறது என்பது அவரது ஒப்பீடு.

இக்குற்றச்சாட்டுக்கு நாவலிற் சான்று இல்லாமலில்லை. 1628 நவம்பரில் மிலானில் மூண்ட பாண் கலகத்தை வருணிக்கையில், விளைச்சற் குறைவையும் போரின் அழிவையும் மன்சோனி தெளிவாக விளக்குகிறார். ஆனால் விலையேற்றம் துன்பந்தரினும் நன்மை பயக்கும் விளைவே என்று கூறும் அவர், பதுக்கலைச் சந்தேகித்துப் பேக்கரியைச் சூறையாடும் பசித்த கூட்டத்தை மடமையின் உருவாகவே காட்டுகிறார். பசியின் காரணத்தை அறிந்தவர், பசித்தவனின் நியாயத்தை அறியத் தவறினார்.

எனினும் கிராம்சியோடு முற்றாக உடன்பட எம்மால் இயலவில்லை. கதை முடிவில், பெர்காமோவின் அருகே மைத்துனன் ஒருவனுடன் சேர்ந்து பட்டாலை ஒன்றை வாங்கிவிட்ட ரென்சோ, தான் கற்ற பாடங்களை அடுக்குகிறான்: கலகங்களிற் சேரக்கூடாது, தெருவில் நின்று பிரசங்கிக்கக்கூடாது. கேட்டுக்கொண்டிருந்த லூசியா ஒருநாள் கேட்கிறாள்: நான் எந்தத் துன்பத்தையும் தேடிச் செல்லவில்லையே, துன்பமன்றோ என்னைத் தேடி வந்தது, நான் எதைக் கற்பது? சிறு உடைமையாளனாகிவிட்ட கணவனிடம் இதற்கு விடையில்லை. இங்கே பேசுவது இரவல் மொழியன்று. தோல்ஸ்தோயிடம் கிராம்சி கண்ட அதே ஆற்றல், கணப்பொழுதேனும், இப்பெண்ணின் வாயிற் பிறக்கிறது. ஆசிரியர் உடனே இறைநம்பிக்கையைக் கொண்டு அக்கேள்வியை அமைதிப்படுத்திவிடுகிறார். ஆனால் கேட்கப்பட்ட கேள்வியை அழித்துவிட அவராலும் முடியவில்லை.

மாணவர் மனனஞ் செய்வது விடைபெறும் பகுதியை. பயணிகள் தேடி வருவதும் அதன் எழிலையே. மன்சோனியின் காலத்திலும் அதன் பின்னரும் இவ்வாவியைச் சூழ்ந்த பட்டாலைகளிற் பெண்களும் சிறுமியரும் கொதிநீரிற் கைகளை அமிழ்த்திக் கூடுகளிலிருந்து நூலெடுத்தனர். அவர்களும் துன்பத்தைத் தேடிச் சென்றவர்களல்லர். மலைகளிடம் விடைபெற்ற லூசியாவை மட்டும் வகுப்பறைக்குள் அழைத்து வந்து, கேள்வி கேட்ட லூசியாவை வாசலில் நிறுத்திவிடும் இலக்கியக் கல்வி பாதிக் கல்வியே ஆகும்.