அலங்காரம் எதற்கு, கேமரா எதற்கு?

ஃபியூஜிஃபிலிம் எக்ஸ்100 சிக்ஸ் வாங்குகிற பலர், கேமரா கைக்கு வரும் முன்பே அதற்கு அணிகலன் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். ஷட்டர் பட்டனில் திருகுகிற சிவப்புக் குமிழ், பின்பக்கத் தம்ப் ரெஸ்ட், தோல் ஹாஃப் கேஸ், மரத்தின் ரேகை அச்சடித்த ஸ்கின். இந்த ஆசையை நிறுவனமும் அறியும். 2024 பிப்ரவரியில் இந்த மாடல் வந்தபோதே, தன் 90ஆம் ஆண்டுக்காகப் பழைய லோகோ பொறித்த சிறப்புப் பதிப்பை 1,934 மட்டும் செய்தது. அப்போது அமெரிக்காவில் சாதா மாடல் 1,599 டாலருக்கும் சிறப்புப் பதிப்பு 1,999 டாலருக்கும் விற்றன. உள்ளே அதே 40 மெகாபிக்சல் சென்சார், அதே 23 மி.மீ. லென்ஸ்.

கேமராவை வெறும் உடம்போடும், அந்த அணிகலன்களையெல்லாம் மாட்டியும் சென்னைத் தெருக்களில் படம் எடுத்துப் பார்த்தேன். விரலுக்குப் பயன்படுவது வேறு, கண்ணுக்கு மட்டும் பயன்படுவது வேறு. முதல் வகைக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம்.

குமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஷட்டர் பட்டனில் பழைய கேபிள் ரிலீஸுக்கான மரை உண்டு, அதில்தான் இது உட்காருகிறது. விரல் நுனிக்குப் பதில் விரலின் சதைப்பகுதி பட்டன்மேல் படிகிறது. பாதி அழுத்தி ஃபோகஸ் பிடித்து, அப்படியே மெல்ல முழுதாக அழுத்தும்போது கேமரா குலுங்குவது குறைகிறது. மாலை வெளிச்சம் மங்கி ஷட்டர் வேகம் இறங்கும் நேரத்தில் இது நன்றாகத் தெரியும். மேல்புறம் குழிந்த குமிழ் எனக்குப் பிடித்தது. உயரமாகத் துருத்திக்கொண்டிருப்பதை வாங்காதீர்கள்: கேமராவை ஆஃப் செய்யாமல் பைக்குள் போட்டால் எதிலாவது அழுந்தி, பேட்டரியைத் தின்னும். மரை தளர்ந்து கழன்று விழவும் வாய்ப்புண்டு. அடியில் சின்ன ரப்பர் வளையம் போட்டது நல்லது.

தம்ப் ரெஸ்ட்டும் வேலை செய்கிற சாமான்தான். 521 கிராம் எடையுள்ள கேமராவில் முன்பக்கப் பிடி சிறியது. வியர்த்த கையில் வழுக்கும். கட்டைவிரலுக்கு ஓர் ஊன்று கிடைத்தால் ஒற்றைக் கையில் நம்பிக்கையாகப் பிடிக்கலாம். ஆனால் அது ஃப்ளாஷ் மாட்டுகிற ஹாட் ஷூவை அடைத்துக்கொள்கிறது. இந்தக் கேமராவின் லீஃப் ஷட்டர், உச்சி வெயிலிலும் வேகமான ஷட்டரில் ஃப்ளாஷ் அடிக்கவிடும் அருமையான வசதி. வெளி ஃப்ளாஷ் போடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் தம்ப் ரெஸ்ட்டைக் கழற்ற வேண்டியிருக்கும்.

தோல் கேஸை நம் கடற்கரை ஊர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதற்குள்ளேயே மாதக்கணக்கில் கேமராவை வைத்தால் லென்ஸில் பூஞ்சைக்கு வழி திறந்துவிட்டது போலத்தான். பேட்டரி, கார்டு மூடி கேமராவின் அடியில் இருப்பதால், திறப்பு இல்லாத கேஸைக் கார்டு மாற்றும்போதெல்லாம் கழற்ற வேண்டும். சில கேஸ்களின் பின்விளிம்பு, சாய்கிற திரையை விரலால் இழுக்கவிடாது. ஸ்கின்னிலோ வெயிலும் வியர்வையும் பட்டு முதலில் கிளம்புவது மூலைகள்தாம். அங்கே பசை கசிந்து தூசியைப் பிடிக்கும்.

நிறத்தை மறைப்பதற்கு மட்டும் நியாயமான காரணம் ஒன்று உண்டு. புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெசோன் தன் லைக்கா கேமராவின் பளபளப்பான பாகங்கள்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். தெருவில் நிற்பவர் கண்ணை அது உறுத்தாது. கண்ணாடி வழியாக எடுக்கும்போது வெள்ளிநிற உடம்பு பிரதிபலித்துப் படத்தில் விழும். கறுப்பில் அந்தத் தொல்லை குறைவு. லைக்கா நிறுவனமும் 2018இல் எம்10-பி மாடலின் முகப்பிலிருந்து தன் லோகோவான சிவப்புப் புள்ளியை எடுத்துவிட்டது.

அதே லைக்கா 2015இல் இசைக் கலைஞர் லென்னி கிராவிட்ஸோடு சேர்ந்து, கறுப்பு பெயின்ட்டைத் தொழிற்சாலையிலேயே தேய்த்து உள்ளே பித்தளை தெரியச் செய்த 125 செட்களை விற்றது. எனக்கு இது ஏற்பில்லை. மூலைகளில் பெயின்ட் தேய்வது, அந்தக் கேமராவோடு ஒருவர் நடந்த ஆண்டுகளின் கணக்கு. அதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

எக்ஸ்100 சிக்ஸுக்கு அழகு சேர்க்க ஒதுக்கிய பணத்தை அடாப்டர் வளையத்துக்கும் 49 மி.மீ. பாதுகாப்பு ஃபில்டருக்கும் கொடுங்கள். அவை இரண்டும் இல்லாமல் இந்தக் கேமராவின் முன்பக்கம் மழைத்துளிக்கும் தூசிக்கும் அடைபடுவதில்லை. லென்ஸ் கொஞ்சம் நீண்டு தெரியும், அவ்வளவுதான்.