கட்டியங்காரனை வெட்டிய கூத்து

கூத்து பயிலும் மாணவர் குழுக்கள் வெளிநாட்டு நாடக விழாக்களுக்குப் போய்வரும்போதெல்லாம் ஒரு வாதமும் கூடவே கிளம்புகிறது. விடிய விடிய நடக்கும் கூத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கினால்தான் உலகம் பார்க்கும். உலகம் பார்த்தால்தான் ஊரில் அது பிழைக்கும் என்கிறார்கள். இந்த வாதம் தவறு.

நன்மைகளை மறுப்பதற்கில்லை. கூத்தாடி என்று ஏசப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டும் கைதட்டலும் கிடைப்பது பெரிய விஷயம்தான். காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம், ஆண்களே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகளையும் ஆடவைத்தது. 2016இல் பாரீஸில் அரியான் முனுஷ்கின் மேடையேற்றிய ‘இந்தியாவில் ஓர் அறை’ நாடகத்துக்காக, புரிசை சம்பந்தன் தம்பிரானிடம் பிரெஞ்சு நடிகர்கள் கூத்து கற்றார்கள். இவையெல்லாம் கூத்துக்குப் பெருமை.

சுருக்குவதும் புதிதல்ல. 1960களில் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடைக்கேற்பச் சுருக்கினார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’. ஆனால் அவர் மனதில் வைத்திருந்தது தமிழ் தெரிந்த, கதை தெரிந்த சபையை. வெளிநாட்டு விழாவின் சபைக்கு இரண்டும் தெரியாது. அங்கே எதை வெட்டுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

திரைக்குப் பின்னால் நின்று பாடும் துரியோதனனை வெட்டமாட்டார்கள். கிரீடம், புஜக்கட்டை, சுழன்றாடும் அடவு, மிருதங்கம், முகவீணை எல்லாம் மொழி இல்லாமலே பயணம் போகும். முதலில் வெட்டு விழுவது கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் பேச்சில். ராஜாவைப் பார்த்து “யாருய்யா நீ?” என்று கேட்பவன் அவன். அஸ்தினாபுரத்துச் சபையிலிருந்து ஒரே எட்டில் ஊர்ப் பஞ்சாயத்துக்கு வந்துவிடுபவனும் அவன்தான்.

பழவேற்காடு ஏரிக் குப்பம் ஒன்றில் சூதாட்டக் காட்சி நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஏரியில் யார், எந்த இடத்தில், எந்த நாளில் வலை போடுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் பாடு அங்கே தலைமுறை வழக்கம். இந்தப் பாடு முறையில் பங்கில்லாத இருளர்கள் அதே தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிழைக்கிறார்கள். முகத்துவாரம் மணல் மூடினால் எல்லோருக்கும் பிழைப்பு போச்சு. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் வேறு பயமுறுத்துகிறது. நாட்டையும் தம்பிகளையும் வைத்து ஆடும் தருமனிடம், “யாரு பாட்டை யாரு சாமி பணயம் வெக்கிறது?” என்று கட்டியங்காரன் கேட்டால் குப்பமே நிமிர்ந்து உட்காரும். கேள்வி துறைமுகக்காரனுக்கும் தைக்கும், இருளனை ஒதுக்கிவைத்த ஊருக்கும் தைக்கும். வியாசர் கதை அன்றைக்கு அந்த ஊர்க் கதையாகிவிடும்.

மொழிபெயர்ப்பைத் திரையில் ஓட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பவர்கள் கூத்தை வசனமாக மட்டும் பார்க்கிறார்கள். கட்டியங்காரனின் பேச்சு எழுதி வைத்ததல்ல. எதிரே இருக்கும் கிழவியின் குறுக்குப் பேச்சில் பிறப்பது. அதற்குத் திரையில் ஓட்ட முன்கூட்டியே எழுதிய வரி எங்கே இருக்கிறது?

அந்த ஒரு மணி நேரம் விழாவோடு முடிந்துபோனால் நான் இவ்வளவு வருந்தமாட்டேன். முடிவதில்லை. மெல்ல மெல்ல அதுவே பாடத்திட்டமாகிறது. பயணம் போகக்கூடியதை மட்டும் மாணவன் கற்கிறான். அடவு சுத்தமாக விழுகிறது. நடுராத்திரியில் தூங்கி விழும் சபையை எழுப்பத் தெரியவில்லை. அதிகாரத்தைக் கேள்வி கேட்ட நாக்கை அறுத்துவிட்டு, உடம்பை மட்டும் பாரம்பரியம் என்று அனுப்பிவைக்கிறோம். இதைக் காப்பாற்றுதல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாற்று வழி இல்லாமல் இல்லை. மட்டக்களப்புச் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் கூத்தை ஊராரோடு உட்கார்ந்து, விவாதித்து மீளுருவாக்கினார். சாதியும் பெண்ணும் பற்றிய பழைய கருத்துகளை ஊரே பேசி மாற்ற இடம் இருந்தது. கூத்து உயிரோடிருப்பதற்கு அதுதான் சான்று. விழா அழைப்பிதழ் அல்ல. வெளிநாடு போகட்டும், தாராளமாகப் போகட்டும். அதற்கு முன் ஒரு குப்பத்தில் ராத்திரி முழுக்க ஆடி, அந்த ஊரின் வழக்கைத் தன் வாயால் பேசத் தெரிந்த மாணவனை மட்டும் அனுப்புங்கள்.