மென்பொருளின் பங்கு எவ்வளவு?

உயர்கல்வியில் செயற்கை நுண்ணறிவு என்ற பேச்சு எழும் இடமெல்லாம் சாட்சிக்கு அழைக்கப்படுவது, அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம். அரசுப் பல்கலைக்கழகம், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் முதல் தலைமுறை மாணவர்களும் நிறைந்தது. ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் முடித்தவர்கள் 2003 கணக்கில் நூற்றுக்கு 32 பேர். 2014இல் 54 பேர். 2012இல் முன்கணிப்பு மென்பொருள் வந்தது, 2016இல் சாட்பாட் வந்தது. ஆகவே தொழில்நுட்பம்தான் இந்த மாற்றத்தைச் செய்தது என்கிறார்கள். அப்படியே ஏற்பதற்கு முன் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் சேர்க்கை. வருகிறேன் என்று உறுதி சொன்ன மாணவர்களில் ஒரு பகுதியினர் கோடை முடிந்து வகுப்பு தொடங்கும்போது காணாமல் போயிருப்பார்கள். உதவித்தொகைப் படிவத்துக்கு ஆதாரம் காட்டுவது, தடுப்பூசிச் சான்று, விடுதி, கட்டணம் என்று அடுக்கடுக்காக வரும் வேலைகளில் சிக்கிக்கொள்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாதவர்கள். 2016 கோடையில் ‘பவுன்ஸ்’ என்ற சாட்பாட் இவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டியது. நள்ளிரவில் கேட்டாலும் பதில் சொன்னது. அந்த ஒரு கோடையில் அது சொன்ன பதில்கள் இரண்டு லட்சத்துக்கு மேல்.

இதைச் சோதித்த முறை நேர்மையானது. குலுக்கல் முறையில் மாணவர்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் செய்தி அனுப்பினார்கள். முடிவை விளம்பரங்கள் சொல்வது ஒரு விதம்: விலகல் 21.4 விழுக்காடு குறைந்தது. லிண்ட்சே பேஜும் ஹன்டர் கெல்பாக்கும் 2017இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை முன்னிறுத்துவது வேறு எண்: உறுதி சொன்னவர்கள் உரிய காலத்தில் சேர்வது 3.3 விழுக்காட்டுப் புள்ளி கூடியது. நூறு பேரில் கூடுதலாக மூன்று பேர். இரண்டும் உண்மை; ஆனால் முதல் எண் மலைக்க வைக்கிறது, இரண்டாவது எண் அளவைச் சொல்கிறது. மனிதர்களை வைத்து முன்பு செய்த இத்தகைய முயற்சிகளும் ஏறத்தாழ இதே பலனைத் தந்தன என்று அந்தக் கட்டுரையே ஒப்புக்கொள்கிறது. இயந்திரம் மனிதரை விஞ்சவில்லை. அதே வேலையை ஊழியர்களுக்குச் சுமையேற்றாமல் செய்தது. அது சிறிய சாதனையல்ல. ஆனால் அதற்கு மேலும் அல்ல.

அடுத்து, படிப்புக் காலம். பத்தாண்டு மதிப்பெண் பதிவுகளை அலசியபோது, பேராசிரியர்கள் கண்டுகொள்ளாத ஒன்று வெளிப்பட்டது. அரசியல் அறிவியல் மாணவர் தன் துறையின் முதல் பாடத்தில் ஏ அல்லது பி வாங்கினால் பட்டம் முடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 75 விழுக்காடு. சி வாங்கினால் 25தான். சி என்பது தேர்ச்சி. அதனால் அந்த மாணவரை யாரும் கூப்பிட்டுப் பேசியதில்லை. இத்தகைய 800 அறிகுறிகளை மென்பொருள் கவனிக்கத் தொடங்கியது. கூடவே பல்கலைக்கழகம் 42 ஆலோசகர்களை வேலைக்கு எடுத்தது. எச்சரிக்கை வந்ததும் மாணவரை அழைத்துப் பேசியவர்கள் இவர்கள்தான். இது தவிர, சிறு தொகை பாக்கிக்காகப் பெயர் நீக்கப்படவிருந்தவர்களுக்குக் கேட்காமலே உதவித்தொகை கொடுக்கும் திட்டம் 2011இலேயே தொடங்கியிருந்தது.

இந்த ஆண்டுகளைக் கவனித்தால் பரவலாகச் சொல்லப்படும் கதை ஆட்டம் காண்கிறது. 2014ஆம் ஆண்டின் 54 விழுக்காடு, 2008இல் சேர்ந்தவர்களைப் பற்றியது. மென்பொருள் அவர்களைத் தொட்டது கடைசி இரண்டு ஆண்டுகளில் மட்டுமே. சாட்பாட் அப்போது பிறக்கவே இல்லை. 22 புள்ளி ஏற்றத்தின் பெரும்பகுதிக்கு வேறு காரணங்களைத்தான் தேட வேண்டும்.

இதைவிடக் கடுமையான சோதனை பின்னால் வந்தது. அமெரிக்க அரசின் நிதியில், 11 பல்கலைக்கழகங்களில், ஏறத்தாழ 10,000 மாணவர்களிடம், எச்சரிக்கை பார்த்து ஆலோசகர் அழைத்துப் பேசும் இதே அணுகுமுறையைப் பரீட்சித்தார்கள். மொத்தமாகப் பார்க்கையில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஜார்ஜியா ஸ்டேட்டில் மட்டும் ஆறு ஆண்டு முடிவில் பட்டம் பெற்றோர் விகிதம் 7 புள்ளி கூடியிருந்தது. தரவை வைத்து ஆலோசனை தரும் முறை எங்கும் ஒன்றுதான். அதைச் செயலாக்கிய நிர்வாகங்கள்தான் வெவ்வேறு. ஆண்டுக்கணக்கில் ஆள் சேர்த்து, பயிற்சி கொடுத்து, விதிகளைத் திருத்திய இடத்தில் பலித்தது.

முன்கணிப்பின் மறுபக்கத்தைப் பார்க்க மேரிலாந்து போக வேண்டும். மவுண்ட் செயின்ட் மேரிஸ் பல்கலைக்கழகத்தில் புது மாணவர்களிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்கினார்கள். தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று தோன்றுபவர்களை, அரசுக்குக் கணக்குக் காட்டும் தேதிக்கு முன்பே வெளியேற்றி, தொடர்ந்து படிப்போர் விகிதத்தை உயர்த்த அதன் தலைவர் திட்டமிட்டதாக 2016 ஜனவரியில் மாணவர் இதழ் அம்பலப்படுத்தியது. அடுத்த மாத இறுதியில் அவர் பதவி விலகினார். யார் தடுமாறுவார் என்ற அதே கேள்வியைத்தான் அங்கும் கேட்டார்கள். அட்லாண்டாவில் விடை தெரிந்ததும் கைகொடுத்தார்கள். மேரிலாந்தில் கழற்றிவிடப் பார்த்தார்கள்.

ஆகவே என் தீர்ப்பு இது. படிவம், தேதி, கட்டணம் போன்ற விடை தெரிந்த கேள்விகளுக்குச் சாட்பாட் தகுதியான கருவி, தயங்காமல் ஏற்கலாம். முன்கணிப்பு அப்படியல்ல. தனியாக நிற்கையில் அது பயனற்றது, தவறான நோக்கத்தோடு சேர்ந்தால் தீங்கானது. அதை வாங்கப்போகும் பல்கலைக்கழகம் இரண்டைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும்: எச்சரிக்கை வந்த பிறகு மாணவரைச் சந்திக்க எத்தனை பேர் இருக்கிறார்கள்? அந்தத் தரவை மாணவருக்கு எதிராகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் விதி என்ன? இவற்றுக்குப் பதில் இல்லையென்றால், மென்பொருளுக்கு ஒதுக்கிய பணத்தில் நான்கு ஆலோசகர்களை நியமிப்பதே மேல்.