வரைபடம் தீர்மானித்த தொலைக்காட்சி

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் வானொலியையும் தொலைக்காட்சியையும் அரசு எப்படிக் கட்டுப்படுத்தியது என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பேச்சைப் பற்றியே எழுதுகிறார்கள். நிலைய உரிமையாளர் தன் சொந்தக் கருத்தைச் சொல்லலாமா, எதிர்த்தரப்புக்கு நேரம் ஒதுக்கவேண்டுமா, வினாடி வினா நிகழ்ச்சிகளில் நடந்த மோசடிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளே அந்த வரலாற்றின் பக்கங்களை நிறைக்கின்றன. 1961 மே மாதத்தில் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் தலைவர் நியூட்டன் மினோ ஒளிபரப்பாளர்களின் கூட்டத்திலேயே எழுந்து நின்று தொலைக்காட்சியைப் பரந்த பாழ்நிலம் என்று சாடிய உரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இவை முக்கியமானவை அல்ல என்று நான் சொல்லவில்லை. ஆனால் அமெரிக்கக் குடும்பங்கள் கால் நூற்றாண்டு எதைப் பார்த்தன, எதைப் பார்க்க முடியாமல் போயின என்பதை இந்த விவாதங்கள் தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானித்தவை 1945க்கும் 1952க்கும் இடையில் பொறியியல் முடிவுகள் என்ற பெயரில் வெளிவந்த சில ஆணைகள். எந்த ஊருக்கு எந்த அலைவரிசை என்ற பட்டியல்தான் அக்காலத்தின் உண்மையான ஊடகக் கொள்கை.

ஒழுங்குமுறையின் எடை இப்படிப் பொறியியல் பக்கம் சாய்ந்ததற்குச் சட்டமே ஒரு காரணம். கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தை உருவாக்கிய 1934ஆம் ஆண்டுச் சட்டம், பொதுநலனுக்கு உகந்தவர்களுக்கே உரிமம் தரவேண்டும் என்றது. அதன் 326ஆம் பிரிவோ ஆணையம் தணிக்கை செய்யக்கூடாது என்று தடுத்தது. நிகழ்ச்சிகளைப் பார்க்காமல் பொதுநலனை எப்படி எடைபோடுவது? 1946 மார்ச்சில் ஆணையம் துணிந்து ஒரு முயற்சி செய்தது. பிபிசியில் பணியாற்றிவிட்டு வந்திருந்த சார்லஸ் சீப்மன் முக்கியப் பங்காற்றி உருவான அறிக்கை அது. அட்டையின் நிறத்தால் நீலப் புத்தகம் என்று பெயர் பெற்றது. உரிமம் கேட்கும்போது நிலையங்கள் எழுதிக்கொடுத்த வாக்குறுதிகளையும், பிறகு அவை உண்மையில் ஒலிபரப்பியவற்றையும் அருகருகே வைத்துக் காட்டியது அது. தொழில்துறை கொதித்தெழுந்தது, பேச்சுரிமைக்கு ஆபத்து என்ற குரல் நாடெங்கும் கேட்டது. அறிக்கை பெயர் சொல்லிக் குறைகூறிய பால்டிமோர் டபிள்யூ.பி.ஏ.எல். நிலையத்தின் உரிமத்தைக் கேட்டு, புகழ்பெற்ற பத்திரிகையாளர்கள் ட்ரூ பியர்சனும் ராபர்ட் ஆலனும் போட்டிக்கு வந்தார்கள். 1951இல் உரிமம் பழைய உரிமையாளரிடமே தங்கியது. நீலப் புத்தகத்தின் அளவுகோலால் எந்த நிலையமும் உரிமம் இழக்கவில்லை. நிகழ்ச்சிகளில் கைவைத்தால் சுடும் என்று கற்றுக்கொண்ட ஆணையத்துக்கு, அலைநீளமும் கோபுர உயரமும் பாதுகாப்பான இடங்களாகத் தெரிந்தன.

அந்த இடம் எவ்வளவு பாதுகாப்பற்றது என்பதை எஃப்.எம். வானொலி அதற்கு முன்பே அனுபவித்திருந்தது. எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் உருவாக்கிய எஃப்.எம்., போருக்கு முன் 42 முதல் 50 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் இயங்கியது. இடியோசையும் இரைச்சலும் புகாத அந்த ஒலிக்காக மக்கள் லட்சக்கணக்கில் பெட்டிகள் வாங்கியிருந்தார்கள். 1945இல் ஆணையம் எஃப்.எம்.மை அப்படியே தூக்கி 88 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே கொண்டுபோய் வைத்தது. சூரியப் புள்ளிகள் பெருகும் ஆண்டுகளில் பழைய பட்டையில் இடையூறு வரும் என்ற கணிப்பே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆர்ம்ஸ்ட்ராங் அந்தக் கணிப்பை எதிர்த்து வாதாடினார், எடுபடவில்லை. விற்ற பெட்டிகளும் கட்டிய ஒலிபரப்பிகளும் ஒரே ஆணையில் பயனற்றுப் போயின. எஃப்.எம். எழுந்து நிற்க ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. காப்புரிமை வழக்குகளிலும் நொந்துபோன ஆர்ம்ஸ்ட்ராங் 1954 ஜனவரியில் தன் அடுக்ககத்தின் சன்னலிலிருந்து குதித்து இறந்தார். புதிய பட்டை ஒலிக்குக் கெடுதல் செய்யவில்லை. இன்றும் உலகம் அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் மாற்றிய நேரமும் மாற்றிய விதமும் ஏ.எம். வானொலியையும் புதிய தொலைக்காட்சியையும் கையில் வைத்திருந்தவர்களுக்குப் போட்டியே இல்லாத ஒரு காலத்தைப் பரிசளித்தன.

தொலைக்காட்சியில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. போர் முடிந்ததும் உரிமம் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. ஒரே அலைவரிசையில் இயங்கிய நிலையங்கள் நினைத்ததைவிடத் தொலைவிலும் ஒன்றையொன்று குலைத்தன. 1948 செப்டம்பர் 30 அன்று ஆணையம் புதிய உரிமங்களை நிறுத்திவைத்தது. ஆறு மாதத்தில் முடியும் என்று எண்ணித் தொடங்கிய தடை 1952 ஏப்ரல் வரை நீண்டது. தடைக்கு முன் அனுமதி பெற்ற நிலையங்கள் 108. நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் ஏழேழு நிலையங்கள். டென்வரிலும் போர்ட்லண்டிலும் ஒன்றுகூட இல்லை. நிலையம் இருந்த நகரங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றே ஒன்றுதான். அந்த ஒற்றை நிலையம் யாருடைய நிகழ்ச்சியை எடுக்கும்? வானொலியிலிருந்து நட்சத்திரங்களையும் விளம்பரதாரர்களையும் கையோடு கூட்டிவந்த என்.பி.சி., சி.பி.எஸ். நிகழ்ச்சிகளைத்தான். தடை தொடங்கியபோது நாட்டில் இருந்த பெட்டிகள் பத்து லட்சம்கூட இல்லை. விலகியபோது ஒன்றரைக் கோடிக்கு மேல். உரிமம் உறைந்திருந்தது, பழக்கம் உறையவில்லை.

தடையை நீக்கிய ஆறாவது அறிக்கையும் ஆணையும் என்ற ஆவணத்தைப் புரட்டினால், ஊர்ப்பெயர்களும் எண்களும் பக்கம் பக்கமாக வரும். 1,291 ஊர்களுக்கு 2,053 அலைவரிசைகள். இதில் 617 மட்டுமே, ஏற்கெனவே இருந்த பெட்டிகள் பிடிக்கக்கூடிய வி.எச்.எஃப். வகை, 2 முதல் 13 வரையிலான எண்கள். மீதி 1,436 யு.எச்.எஃப்.; 14 முதல் 83 வரை. தாளில் இரண்டும் சமம். வீட்டுக் கூடத்தில் நிலைமை வேறு. வி.எச்.எஃப். பெட்டியின் குமிழைத் திருகினால் ஒவ்வோர் எண்ணிலும் ‘டக்’கென்று நிற்கும். யு.எச்.எஃப். பார்க்க வேண்டுமானால் தனி மாற்றுக்கருவி ஒன்றை வாங்கிப் பெட்டியின் மேல் வைக்கவேண்டும், தனி ஆன்டெனா மாட்டவேண்டும், நிறுத்தமே இல்லாமல் வழுக்கும் டயலை இம்மி இம்மியாக நகர்த்திப் படத்தைத் தேடவேண்டும். அப்போதும் குன்றும் கட்டடமும் குறுக்கே நின்றால் படம் மங்கும். பார்ப்பவர் இல்லாததால் விளம்பரம் வரவில்லை. விளம்பரம் இல்லாததால் நல்ல நிகழ்ச்சி இல்லை. நிகழ்ச்சி இல்லாததால் மாற்றுக்கருவி வாங்க ஆளில்லை. 1954இல் நூறைத் தாண்டியிருந்த யு.எச்.எஃப். நிலையங்கள் 1960க்குள் கணிசமாகக் குறைந்துவிட்டன. இரண்டு வகையையும் ஒரே ஊரில் கலந்துவைத்ததுதான் அடிப்படைத் தவறு என்பது என் கருத்து. வி.எச்.எஃப். கிடைத்தவருக்கோ அந்த உரிமம் பெரும் சொத்து. டெக்சஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குப் பட்டியல் கொடுத்த வணிக வி.எச்.எஃப். ஒன்றுதான். லிண்டன் ஜான்சன் குடும்பத்தின் கே.டி.பி.சி. அதில் 1952 நவம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1965 வரை அந்நகரில் வேறு வணிக நிலையமே இல்லை.

இழந்தவர்களில் பெரியவர் ஆலன் டூமாண்ட். படக்குழாய் தயாரிப்பாளரான அவர் 1946இல் நான்காவது நெட்வொர்க்கைத் தொடங்கினார். பெருநகரங்களுக்குக் குறைந்தது நான்கு வி.எச்.எஃப். கிடைக்கும்படி அவரது நிறுவனம் ஒரு மாற்றுத் திட்டத்தையே ஆணையத்திடம் கொடுத்தது. ஆணையம் ஏற்கவில்லை. அதன் பட்டியலில் நான்கு வணிக வி.எச்.எஃப். நிலையங்கள் பெற்ற பெருநகரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்று இருந்த ஊரில் மூன்றாவது ஏ.பி.சி.க்குப் போயிற்று, இரண்டே இருந்த ஊர்களில் ஏ.பி.சி.யே தடுமாறியது. டூமாண்ட் தன் வலுவான பிட்ஸ்பர்க் நிலையத்தை வெஸ்டிங்ஹவுஸுக்கு 97.5 லட்சம் டாலருக்கு விற்றார். 1956இல் நெட்வொர்க் மறைந்தது. போனது ஒரு நிறுவனம்தானே என்று கடந்துபோக முடியாது. 1954இல் ராணுவத்துக்கும் செனட்டர் மெக்கார்த்திக்கும் இடையிலான விசாரணையைத் தொடக்கம் முதல் முடிவு வரை நேரலையில் காட்டியவை ஏ.பி.சி.யும் டூமாண்டும். பகல்நேர விளம்பர வருமானம் குறைவாக இருந்த அவ்விரண்டுக்கும் நேரத்தை ஒதுக்குவது எளிதாக இருந்தது. மெக்கார்த்தியை மக்கள் நேரில் பார்த்தது பின்தங்கிய நெட்வொர்க்குகளின் தயவில்.

டூமாண்டின் வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு என்பது நியாயமான மறுப்பு. வானொலிப் பின்புலம் இல்லை. பங்குதாரரான பாரமவுண்டுடன் ஓயாத பிணக்கு. ஆனால் வலுவில்லாத ஏ.பி.சி. பிழைத்ததும் டூமாண்ட் அழிந்ததும் எத்தனை ஊர்களில் கால்வைக்க முடிந்தது என்ற கணக்கில் வந்து முடிகின்றன. இயற்பியல் இடம் தரவில்லை என்பது இன்னொரு மறுப்பு. அலைவரிசைகள் அளவானவை என்பது உண்மை. அவற்றைச் சிற்றூர்வரை பகிர்வதா, பெருநகரங்களில் குவித்துப் போட்டியை வளர்ப்பதா, எல்லாத் தொலைக்காட்சியையும் யு.எச்.எஃப்.புக்கே மாற்றுவதா என்ற தேர்வை இயற்பியல் செய்யவில்லை. ஒவ்வோர் ஊருக்கும் அதன் சொந்தக் குரல் வேண்டும் என்ற கொள்கையே அந்தத் தேர்வைச் செய்தது. அது மதிக்கத்தக்க கொள்கை. ஆனால் நடந்தது வேறு: சிற்றூருக்கு ஒதுக்கிய யு.எச்.எஃப். காலியாகக் கிடந்தது, நிலையம் அமைந்த ஊரிலும் மாலைநேரம் முழுவதும் நியூயார்க் நெட்வொர்க்கின் நிகழ்ச்சிகளே ஓடின.

உள்ளடக்க விதிகளுக்கும் பலன் இருந்ததே என்பார்கள். சர்ச்சைக்குரிய பொதுப்பிரச்சினைகளில் இரு தரப்பையும் காட்டவேண்டும் என்ற 1949ஆம் ஆண்டு நியாயக் கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1969இல் உறுதிசெய்தது. அதன் மதிப்பை நான் குறைக்கவில்லை. ஆயினும் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகர வழக்கைக் கூர்ந்து பார்க்கவேண்டும். அங்கிருந்த டபிள்யூ.எல்.பி.டி. நிலையம் கறுப்பின மக்களின் குரலையும் குடிமை உரிமைப் போராட்டச் செய்திகளையும் ஒதுக்கியது. 1964இல் ஐக்கிய கிறிஸ்து திருச்சபையும் உள்ளூர் மக்களும் உரிமத்தைப் புதுப்பிக்கக்கூடாது என்று மனுச் செய்தார்கள். பார்வையாளருக்கு வழக்காட உரிமை இல்லை என்றது ஆணையம். பண நட்டம் அடைந்தவரும் மின்காந்த இடையூறுக்கு ஆளானவரும் மட்டுமே அதுவரை பாதிக்கப்பட்டவர்கள். பொறியியல் பார்வை எந்த அளவுக்கு ஊறியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1966இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்வையாளருக்கும் உரிமை உண்டு என்றது. அதன் பிறகும் ஆணையம் உரிமத்தைப் புதுப்பிக்க, 1969இல் நீதிமன்றமே அதை ரத்து செய்தது. உள்ளடக்க விதி உயிர்பெற்றது நீதிமன்றத்தில்.

பொருளியலாளர் ரொனால்டு கோஸ் 1959இல் வேறு கோணத்தில் தாக்கினார்: அரசு பங்கிடுவதை விட்டுவிட்டு அலைவரிசைகளைச் சொத்தாக விற்றுவிடலாம் என்றார். இலவச உரிமங்கள் எவ்வளவு பெரிய கொடை என்பதை அவர் வாதம் அம்பலப்படுத்தியது. ஆனால் விற்பதற்கு முன் எந்த எல்லைவரை, எந்தத் திறனில், எந்தப் பட்டையில் என்று வரையறுக்கவேண்டும். அந்த எல்லைகளைத் தொடக்கத்தில் வகுப்பவர் யார் என்ற கேள்விக்குச் சந்தையிடமும் விடையில்லை.

பட்டியலின் பிழையை ஆணையமும் உணர்ந்தது, திருத்தம்தான் கடினமாயிற்று. ஒரே ஊரில் இரு வகையும் கலந்திருப்பதை நீக்கும் திட்டத்தில் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவில் 12ஆம் எண்ணில் இருந்த நிலையம் 1961இல் 30க்கு மாறியது. மற்ற ஊர்களில் வி.எச்.எஃப். உரிமையாளர்களும் அவர்களது காங்கிரஸ் உறுப்பினர்களும் எதிர்த்து நிற்க, பெரும்பாலும் திட்டம் கைவிடப்பட்டது. பதிலாக, எல்லாப் பெட்டிகளிலும் யு.எச்.எஃப். இருக்கவேண்டும் என்று 1962இல் சட்டம் வந்து 1964இல் நடைமுறையானது. ஆணையத்தின் முதல் பெண் உறுப்பினர் ஃப்ரீடா ஹென்னாக் போராடிப் பெற்ற 242 கல்வி அலைவரிசைகளிலும் 162 யு.எச்.எஃப். ஆகவே இருந்தன. நியூயார்க்குக்கு வி.எச்.எஃப். கல்வி ஒதுக்கீடே இல்லாததால், 13ஆம் எண் வணிக நிலையத்தை 60 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கித்தான் 1962இல் அந்நகரம் கல்வித் தொலைக்காட்சியைப் பார்த்தது. இதற்கிடையே, மலையடிவார ஊர்களில் ஆன்டெனாவைப் பகிர்ந்துகொள்ளத் தோன்றிய கேபிள், தொலைவு நகரங்களின் நிலையங்களையும் வீட்டுக்குக் கொண்டுவரத் தொடங்கியிருந்தது. பட்டியலுக்கு வெளியே புதிய அலைவரிசைகள் கிடைக்கும் வழி அது. நலிந்த யு.எச்.எஃப். நிலையங்கள் அதனால் மேலும் சாகும் என்று அஞ்சிய ஆணையம், 1966இல் நாட்டின் முதல் நூறு பெருஞ்சந்தைகளில் தொலைவு நிலையங்களைக் கேபிள் வழியே கொண்டுவருவதைத் தடுத்தது. 1972இல்தான் அந்தத் தடையைத் தளர்த்தியது.